மென்பொருளைப் புதுப்பித்த பின் பக்கங்கள் திரைக்குத் தாமதமாக வந்தபோது

எங்கள் ஊர்க் கோயிலின் குடமுழுக்கு விழா மலரைப் பக்கம் கட்டும் பொறுப்பு இந்த முறையும் எனக்கு வந்தது. ஏ4 அளவில் 176 பக்கம், அதாவது பதினாறு பக்க ஃபாரமாக (ஒன்றாகச் சேர்த்து அச்சிடும் பக்கத் தொகுதி) பதினொன்று; பெரும்பாலான பக்கங்களில் படம், நடுவில் திருப்பணி வரலாறு, கடைசியில் நன்கொடையாளர் பட்டியல். பாதி வேலை முடிந்திருந்த நிலையில் பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனின் புதிய பதிப்புக்கு மாறினேன். மறுநாள் காலை கோப்பைத் திறந்து பக்கங்களைப் புரட்டத் தொடங்கியபோது, படச்சட்டங்கள் முதலில் மங்கலாகத் தோன்றி, பிறகு ஒவ்வொன்றாகத் தெளிந்து வருவதைப் பார்த்தேன். முழுப்பக்கப் படங்கள் இரண்டு எதிரெதிரே நிற்கும் ஓர் இரட்டைப் பக்கம் திரையில் முழுமையாக வந்து சேர ஏழு வினாடி பிடித்தது. நன்கொடையாளர் பட்டியலிலோ, ஓர் எழுத்தைத் தட்டினால் அது கண்ணுக்குத் தெரிவதற்குள் அடுத்த மூன்று எழுத்துகளைத் தட்டி முடித்திருந்தேன். அச்சகத்துக்குக் கோப்பு போக வேண்டிய நாளுக்குப் பதினெட்டு நாள்களே இருந்தன.

காரணத்தை முழுவதுமாகக் கண்டறிய எனக்கு ஆறு நாள் ஆனது. அவற்றில் முதல் இரண்டு நாள் வீணானவை. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். நீக்கும்போது பழைய விருப்பத்தேர்வுகளை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டதால், எந்த அமைப்புகளோடு இருந்ததோ அதே அமைப்புகளோடு திரும்பி வந்தது. கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரைப் புதுப்பித்தேன். நினைவகத்தைக் கூட்ட வேண்டும் என்று நண்பர் ஒருவர் சொன்னார்; டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் 16 ஜிபியில் பாதிகூடச் செலவாகியிருக்கவில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சிறிது நேரம் நிறுத்தியும் பார்த்தேன். இவற்றில் எதனாலும் வேகம் கூடவில்லை. கூடியிருந்தாலும் எதனால் கூடியது என்று எனக்குத் தெரிந்திருக்காது, ஏனென்றால் இவற்றைப் பெரும்பாலும் ஒரே மூச்சில் செய்தேன்.

மூன்றாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கைப்பேசியில் இருக்கும் நிறுத்துக் கடிகாரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதிய பதிப்பை நிறுவும்போது பழைய பதிப்புகளை நீக்கும் தேர்வுக்குறியை எடுத்துவிட்டிருந்ததால், பழைய பதிப்பு அதே கணினியில் பக்கத்திலேயே இருந்தது. இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாவிட்டால் ‘மெதுவாகிவிட்டது’ என்பது வெறும் உணர்வாகவே நின்றுவிடும். மாற்றுவதற்கு முன் எடுத்து வைத்த கோப்பின் நகலைப் பழைய பதிப்பிலும், மாற்றிய கோப்பைப் புதிய பதிப்பிலும் திறந்து, ஒரே பக்கத்தை ஒரே உருப்பெருக்கத்தில் வைத்து, ஷிஃப்ட்டையும் எஃப்5 விசையையும் சேர்த்து அழுத்தினேன். திரையை மறுபடி வரையச் செய்யும் விசைக்கூட்டு அது. ஒருமுறை திரைக்கு வந்த படம் நினைவகத்தில் தங்கிவிடுவதால் இரண்டாம் முறை வேகமாக வரும். ஆகவே ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன் மென்பொருளை மூடித் திறந்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றியதை எழுதி வைப்பது என்று இரண்டு கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டேன்.

பழைய பதிப்பில் அந்த இரட்டைப் பக்கம் ஒரு வினாடிக்குள் வந்தது. குற்றம் புதிய பதிப்பினுடையது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டியிருப்பேன். ஆனால் இரண்டு சாளரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பழையதில் படம் சற்று கரடுமுரடாகவும் புதியதில் கல்வெட்டின் எழுத்து வரையில் துல்லியமாகவும் தெரிவதைக் கவனித்தேன். வியூ மெனுவில் டிஸ்பிளே பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியைத் திறந்தால், பழையதில் டிபிக்கல் டிஸ்பிளே என்பதிலும் புதியதில் ஹை குவாலிட்டி டிஸ்பிளே என்பதிலும் குறி இருந்தது. புதிய பதிப்பை நிறுவிய மாலையில், திரையை வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கும் ஜிபியு வசதியை இயக்கியபோது, படங்கள் தெளிவாகத் தெரியட்டுமே என்று இதை நானே தேர்ந்தெடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழைய பதிப்பிலும் ஹை குவாலிட்டியைத் தேர்ந்தெடுத்து மறுபடி அளந்தேன். அங்கும் ஏழு வினாடி!

இந்த மூன்று நிலைகளையும் புரிந்துகொள்வது அவசியம். ஃபாஸ்ட் டிஸ்பிளேயில் படம் இருக்கும் இடம் சாம்பல் நிறப் பெட்டியாக மட்டும் தெரியும். டிபிக்கல் நிலையில், படத்தைப் பக்கத்தில் வைத்தபோது உருவான குறைந்த துல்லியமுள்ள மாதிரி தெரியும். மூலக் கோப்பைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லை. ஹை குவாலிட்டி நிலையில், படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அங்கே போய் மூலக் கோப்பையே படித்து, அதைத் திரையின் அளவுக்குக் குறுக்கிக் காட்ட வேண்டும். இன்டிசைனுக்கு முன் பக்கம் கட்டப் பயன்பட்ட பேஜ்மேக்கரில் வேலை கற்றவர்களுக்கு இது புதிதல்ல. அதிலும் படங்களைச் சாம்பல் நிறமாக, சாதாரணமாக, உயர் துல்லியமாகக் காட்டும் மூன்று நிலைகள் இருந்தன. அந்நாளைய கணினிகளில் உயர் துல்லியத்தை வைத்துக்கொண்டு வேலை பார்க்கவே முடியாது என்பதால் எல்லோரும் கவனமாக இருந்தோம். இன்றைய கணினியின் வேகம் அந்தக் கவனத்தை எங்களிடமிருந்து எடுத்துவிட்டது.

டிபிக்கலுக்கு மாற்றியதும் வேகம் வந்துவிட்டது. பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். எனக்கு ஏழு வினாடி என்ற எண் உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் ஹை குவாலிட்டி நிலையிலும் அது அத்தனை நேரம் பிடிக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏ4 அளவில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2480-க்கு 3508, ஏறத்தாழ 87 லட்சம் புள்ளி. நான்கு வண்ண அச்சுக்குரிய படத்தில் புள்ளிக்கு 4 பைட் வீதம் சுமார் 35 எம்பி. என் படங்கள் சுருக்கப்படாத டிஃப் கோப்புகள் என்பதால், எதிரெதிரே நிற்கும் இரண்டு முழுப்பக்கப் படங்களுக்கு 70 எம்பி. அவை என் கணினியில் இல்லை. அடுத்த அறையிலுள்ள கணினியில், வலையமைப்பின் வழியாகப் பகிரப்பட்ட ஃபோல்டரில் இருந்தன. ஜிகாபிட் இணைப்பில் வினாடிக்கு நூறு எம்பிக்குச் சற்றுக் கூடுதலாகவே வரும். 70 எம்பி ஒரு வினாடிக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். ஏழு வினாடி என்றால் வினாடிக்குப் பத்து எம்பிதான் வருகிறது என்று பொருள். அது 100 மெகாபிட் இணைப்பின் வேகம்.

விண்டோஸ் அமைப்புகளில் ஈதர்நெட் பகுதியைத் திறந்து இணைப்பு வேகத்தைப் பார்த்தேன். 100 என்றே காட்டியது. மென்பொருளைப் புதுப்பித்த அதே நாளில் புதிய மானிட்டர் வைப்பதற்காக மேசையை நகர்த்தியிருந்தேன். மேசையின் இரும்புக் கால் வலையமைப்புக் கம்பியின்மேல் ஏறி நின்றது. அந்தக் கம்பிக்குள் எட்டு இழைகள், நான்கு ஜோடிகளாக இருக்கின்றன. ஜிகாபிட் இணைப்புக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஓர் இழை அறுந்தால், இரு பக்கத்துக் கருவிகளும் குறைந்த வேகத்துக்கு இறங்கி வேலையைத் தொடரும். இணைப்பு அறுந்துவிட்டதாக எந்த எச்சரிக்கையும் வராது, இணையமும் வழக்கம்போல ஓடும். கம்பியை மாற்றியதும் ஹை குவாலிட்டி நிலையிலேயே அந்த இரட்டைப் பக்கம் இரண்டு வினாடிக்குள் வந்தது. முந்தைய நாள்களில் பிடிஎஃப் எடுக்க வழக்கத்தைவிட நெடுநேரம் ஆனதற்கும் அதுவே காரணம் என்று அப்போதுதான் விளங்கியது.

இவ்வாறு, அமைப்பை மாற்றியதும் கம்பி பழுதானதும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நின்றன. டிபிக்கல் நிலையில் மட்டும் இருந்திருந்தால் கம்பியின் குறை திரையில் தெரிந்திருக்காது. கம்பி நன்றாக இருந்திருந்தால் ஹை குவாலிட்டி நிலை இத்தனை தொல்லை தந்திருக்காது.

இதற்குப் பிறகும் ஒரு ஃபாரம் மட்டும் பிடிவாதமாக இருந்தது. 33 முதல் 48 வரையிலான பக்கங்கள், டிபிக்கல் நிலையிலும், மற்ற பக்கங்களைவிடத் தாமதமாக வந்தன. கோப்பின் நகலை எடுத்து, அந்தப் பதினாறு பக்கங்களில் பாதியை நீக்கி அளந்து, மீதியில் பாதியை நீக்கி அளந்து குறுக்கிக்கொண்டே போனபோது, உற்சவ மூர்த்திகளின் படங்கள் இருந்த பக்கங்களில் வந்து நின்றது. பின்னணியை நீக்கி, விளிம்பைச் சுற்றி வெட்டிய படங்கள் அவை. வெட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, சில மாதங்களுக்கு முன் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே வலச்சொடுக்கி, அதற்கு மட்டும் ஹை குவாலிட்டி என்று வைத்திருந்தேன். விருப்பத்தேர்வுகளில், பொருள்வாரியான காட்சி அமைப்பைக் கோப்போடு சேர்த்துச் சேமிக்கும் குறி ஒன்று இருக்கிறது. அது என் கணினியில் இடப்பட்டிருந்ததால், அந்த நாற்பது படங்களும் பொது அமைப்பு எதுவாக இருந்தாலும் மூலக் கோப்பைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தன. வியூ மெனுவின் அதே பகுதியில் பொருள்வாரியான அமைப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்கும் கட்டளை உண்டு. அதை இயக்கியதும் அந்த ஃபாரமும் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

மானிட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு இருந்தது 1920-க்கு 1080 புள்ளி. புதியது 3840-க்கு 2160. இரண்டு பக்கமும் இரண்டு மடங்கு என்பதால் மொத்தப் புள்ளி நான்கு மடங்கு: இருபது லட்சத்துச் சொச்சம் இருந்த இடத்தில் எண்பத்து மூன்று லட்சம். ஒவ்வொரு முறை பக்கத்தை நகர்த்தும்போதும் அத்தனையையும் மறுபடி நிரப்ப வேண்டும். ஜிபியு வசதியை அணைத்துவிட்டால் வேகம் கூடும் என்று பல இடங்களில் படித்திருந்தேன். பழைய கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவர்களுக்கு அது உண்மையாக இருக்கலாம். என் கணினியில் அதை அணைத்தபோது பக்கத்தைக் கையால் இழுத்து நகர்த்துவது திக்கித் திணறியது, இயக்கியபோது சீரானது. ஆகவே ஜிபியுவை இயக்கத்திலேயே விட்டு, காட்சியை மட்டும் டிபிக்கலில் வைத்தேன்.

படங்களின் கதை இத்துடன் முடிந்தது. நன்கொடையாளர் பட்டியலில் தட்டச்சு பின்தங்கியது முற்றிலும் வேறு நோய் என்பதை உணர எனக்கு இன்னொரு நாள் ஆயிற்று. அந்தப் பக்கங்களில் படமே இல்லை. ஃபாஸ்ட் டிஸ்பிளேயில் வைத்தாலும் எழுத்து அதே தாமதத்தோடுதான் வந்தது. தமிழில் பக்கம் கட்டுபவர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய சிக்கல் இதில் கலந்திருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பழைய பதிப்பில் அந்தப் பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. அவ்வகை எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருக்கும்; மென்பொருளைப் பொறுத்தவரை அது ஆங்கில உரைதான், எந்தக் குறிக்கு எந்த வடிவம் என்று நேராக வைத்துக்கொண்டு போய்விடும். புதிய பதிப்புக்கு மாறிய கையோடு எல்லாவற்றையும், தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் உள்ள யூனிகோடுக்கு மாற்றினேன். யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் அதற்குப் பின் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒற்றைக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். ‘கு’, ‘டி’, ‘ஸ்ரீ’ போன்றவற்றுக்குத் தனி வடிவத்தைத் தேடி எடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது வேர்ல்ட்-ரெடி கம்போசர். தமிழுக்கு அது இல்லாமல் முடியாது. இந்த உழைப்பு சிறியது, தவிர்க்கவும் கூடாதது. அதன்மேல் நான் ஏற்றி வைத்தவைதான் சுமை.

யூனிகோடுக்கு வந்ததும் எனக்குக் கிடைத்த பெரிய வசதி, தமிழுக்கு நடுவே வரும் எண்களுக்கும் ஆங்கில எழுத்துகளுக்கும் தாமாகவே வேறு எழுத்துரு வரும்படி பத்திப் பாணியில் கிரெப் ஸ்டைல் (குறிப்பிட்ட அமைப்பில் வரும் எழுத்துகளைக் கண்டுபிடித்துத் தானாகவே வடிவம் மாற்றும் விதி) அமைக்க முடிந்தது. பாமினியில் இதை நினைத்தும் பார்க்க முடியாது, தமிழ் எழுத்து எல்லாமே ஆங்கில எழுத்தாகத்தான் மென்பொருளுக்குத் தெரியும் என்பதால். அந்த மகிழ்ச்சியில், ரூபாய்க் குறிக்குப் பின் வரும் தொகை தடித்த எழுத்தில் வர ஒன்று, தலைப்பெழுத்தும் பெயரும் வரி முறிவில் பிரியாமல் இருக்க ஒன்று, அடைப்புக்குறிக்குள் வரும் ஊர்ப்பெயர் சிறியதாக வர ஒன்று என்று ஆறு கிரெப் ஸ்டைல்களை அந்த ஒரே பாணியில் சேர்த்திருந்தேன். பத்தியில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த ஆறு விதிகளையும் மென்பொருள் அந்தப் பத்தி முழுவதிலும் மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும். சாதாரணப் பத்தியில் இது உறைக்காது. ஆனால் என் பட்டியலில் பத்தி எவ்வளவு பெரியது?

வரி முறிவு, பத்தி முடிவு போன்ற அச்சில் வராத மறைகுறிகளைத் திரையில் காட்டும்படி வைத்துப் பார்த்தபோது விடை தெரிந்தது. பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தவர் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் என்டர் தட்டாமல் ஷிஃப்ட்-என்டர் தட்டியிருந்தார். கண்ணுக்கு வரிவரியாகத் தெரிந்த 1,312 பெயர்களும், பதினான்கு பக்கங்களில் ஓடும் ஒரே பத்தியாக இருந்தன. பத்தி முழுவதையும் கணக்கில் கொண்டு வரி முறிவுகளைத் தீர்மானிக்கும் பாராகிராஃப் கம்போசர், ஒரு பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் இத்தனை பெயர்களையும் சுமந்துகொண்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. ஃபைண்ட்-சேஞ்ச் பெட்டியில், வலிந்த வரி முறிவைத் தேடி அதைப் பத்தி முடிவாக மாற்றினேன். அதற்கு முன், பத்திகளுக்கு முன்னும் பின்னும் இடைவெளியோ முதல் வரி உள்தள்ளலோ இல்லாத ஒரு புதிய பாணியை அமைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் பட்டியல் பதினான்கு பக்கத்தைத் தாண்டி ஓடியிருக்கும். மாற்றி முடித்ததும் எழுத்துகள் விரலுக்கு நேராக வரத் தொடங்கின. கிரெப் ஸ்டைல்களில் எதையும் நீக்கவில்லை. ஒவ்வொரு பெயரும் தனிப் பத்தியாகிவிட்டதால் அவற்றின் சுமை தெரியவே இல்லை.

அதே பட்டியலில் இன்னொன்றையும் கண்டேன். எழுத்துப் பிழையைத் தட்டச்சின்போதே சுட்டும் டைனமிக் ஸ்பெல்லிங் இயங்கிக்கொண்டிருந்தது. உரையின் மொழியோ ஆங்கிலம் என்றே இருந்தது. தமிழ்ச் சொற்கள் அனைத்தின் கீழும் சிவப்பு அலைகோடு ஓடியது. மொழியைப் பாணியிலேயே தமிழ் என்று மாற்றி, அந்தச் சோதனையையும் நிறுத்தினேன்.

மற்றவை சிறியவை. கோப்பின் குறைகளை ஓயாமல் சரிபார்த்துச் சாளரத்தின் அடியில் பச்சை அல்லது சிவப்புப் புள்ளி காட்டும் பிரீஃபிளைட்டைப் பக்கம் கட்டும் நேரத்தில் நிறுத்தி, பிடிஎஃப் எடுக்கும் முன் இயக்கிக்கொள்கிறேன். பேஜஸ் பேனலில் பக்கங்களின் சிறுபடங்களைக் காட்டாமல் செய்தேன். இரண்டிலும் கிடைத்த ஆதாயம் என் கடிகாரத்தில் சரியாகப் பிடிபடவில்லை, கைக்கு மட்டும் கொஞ்சம் இலகுவாகத் தெரிந்தது.

கோப்பை இன்டிசைனின் பரிமாற்ற வடிவமான ஐடிஎம்எல்லாக ஏற்றுமதி செய்து மறுபடி திறந்தால் பல ஆண்டுக் கசடு நீங்கும் என்ற அறிவுரை பரவலாக இருக்கிறது, அது பொய்யும் அல்ல. என் கோப்பு ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியது, சேமிக்கும் நேரமும் குறைந்தது. ஆனால் பக்கம் திரைக்கு வரும் வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மெய்ப்பு பார்த்து முடிந்த கோப்பில் இதைச் செய்யாதீர்கள் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். திறக்கும்போது உரை மறுபடி வரிகளாக அடுக்கப்படுவதால், எங்கோ ஒரு வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படலாம். பதிப்பு மாறும்போதும் இதே ஆபத்து இருக்கிறது. பழைய பதிப்பில் எடுத்த பிடிஎஃப்பையும் புதிய பதிப்பில் எடுத்ததையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டபோது, திருப்பணி வரலாற்றில் இரண்டு இடங்களில் பத்தியின் கடைசிச் சொல் தனி வரியாக இறங்கியிருந்ததைப் பிடித்தேன். திரையின் வேகத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால் அது அச்சுக்கே போயிருக்கும்.

மலர் குறித்த நாளில் அச்சகத்துக்குப் போய்விட்டது. ராஜகோபுரத்தின் இரவுக் காட்சி உள்ள இரட்டைப் பக்கம் மட்டும் கடைசி வரை மூன்று வினாடி எடுத்துக்கொண்டது. தலைப்புக்கு மென்னிழல், படத்தின்மேல் ஒளி ஊடுருவும் அடுக்குகள், ஓரத்தில் கரையும் விளிம்பு என்று அதில் எல்லாமே தேவைப்பட்டு வைத்தவை. எதையும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே உரையைத் திருத்த வேண்டியிருந்தபோதெல்லாம் கன்ட்ரோலையும் ஒய் விசையையும் அழுத்தி ஸ்டோரி எடிட்டரைத் திறந்து, வெறும் எழுத்தாகத் திருத்தி முடித்துவிட்டு, ஒருமுறை மட்டும் அந்த மூன்று வினாடிக்குக் காத்திருந்தேன்.